கும்பாபிஷேகம் முடிந்தது, எண்ணெய்க்குத்தான் வழியில்லை

அன்புள்ள சேவியர்,

பேரன் பிறந்த செய்தி படித்தோம். மைசூர்பாகு பாக்கி, மறந்துவிடாதே.

உங்கள் மாதா கோயில் கூரைக்கு அரசு மானியம் கேட்டு மனுப் போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். நல்லது, விடாமல் அலை. எங்கள் சிவன் கோயிலிலும் திருப்பணி முடிந்து கும்பாபிஷேகம் ஆகிவிட்டது. கருவறைக்கு மேலுள்ள விமானத்தில் வேர்விட்டிருந்த அரசங்கன்றை எடுப்பதுதான் பெரும் பாடு. நல்ல காலம், ஸ்தபதி பழைய ஆள். சிமென்ட்டைக் கிட்டவே சேர்க்கவில்லை. சுண்ணாம்போடு கடுக்காய்த் தண்ணீரும் பனைவெல்லமும் சேர்த்து அரைத்துத்தான் பூசினார். தூண்களை மணல் பீய்ச்சிப் பளபளப்பாக்கலாம் என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. கல்வெட்டு எழுத்தெல்லாம் தேய்ந்துபோகும் என்று சண்டை போட்டு நிறுத்தினோம்.

பணத்துக்குக் குறைவில்லை. பெயர்ப்பலகை வைக்கிற இடம் எதுவானாலும் உபயதாரர் கிடைக்கிறார். டியூப்லைட்டில்கூடப் பெயர் எழுதியாகிவிட்டது. விளக்கு எண்ணெயில் யார் பெயரை எழுதுவது? கும்பாபிஷேகத்துக்குப் பிறகு நடக்கும் மண்டலாபிஷேகப் பூஜைகள் முடிந்ததும் கூட்டமும் போய்விட்டது.

அறநிலையத்துறையின் ஒரு கால பூஜைத் திட்டம் உனக்குத் தெரியும். வருமானம் இல்லாத கோயிலின் பெயரில் ஒரு தொகையை வைப்பு நிதியாகப் போட்டு, வட்டியில் ஒருவேளை பூஜை நடத்துவது. முன்பு ஒரு லட்சமாக இருந்ததை இரண்டு லட்சமாக்கினார்கள், பிறகும் கூட்டினார்கள். 2021-ல் இந்தத் திட்டத்தில் இருந்த 12,959 கோயில்களின் அர்ச்சகர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையும் கொடுக்க ஆரம்பித்தார்கள். குறை சொல்லவில்லை, இதுவும் இல்லையென்றால் பல கோயில்களில் கதவே திறந்திருக்காது. ஆனால் கணக்குப் போட்டுப் பார். இரண்டு லட்சத்துக்கு ஆறு சதவீத வட்டி என்றால் மாதம் ஆயிரம். எண்ணெய், அரிசி, பூ, கற்பூரம் எல்லாம் அதற்குள். எங்கள் குருக்கள் மொபெட்டில் நாலு ஊர்க் கோயில்களைப் பார்க்கிறார். இங்கே காலை ஏழரைக்கு வந்தால் எட்டேகாலுக்குப் பூட்டிவிடுவார். அவர் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. யார் குற்றம் சொல்ல முடியும்?

பூட்டியே கிடந்தால் திருட்டுப் பயம். எங்கள் சோமாஸ்கந்தர் சிலை, அதாவது உமையும் முருகனும் உடனிருக்கும் சிவன், பல வருஷமாகத் திருவாரூர் சிலைப் பாதுகாப்பு மையத்தில்தான் இருக்கிறார். திருவிழாவுக்குப் போலீஸ் காவலோடு வந்து, முடிந்ததும் திரும்பிப் போகிறார்.

சோழர் காலத்தில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்ததே! தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள், அவற்றை வளர்க்கும் இடையர் தினமும் ஓர் உழக்கு (கால் படி) நெய் அளக்க வேண்டும் என்று வருகிறது. சாவா மூவாப் பேராடு, அதாவது சாகாத, மூப்படையாத ஆடு என்பார்கள், எண்ணிக்கை குறையவே கூடாது. நெய் விலை ஏறினாலும் உழக்கு உழக்குதான். நம் வைப்பு நிதியில் எண்ணெய் விலை ஏறும்போது வட்டி மட்டும் அப்படியே நிற்கிறது.

அதனால் இனி திருப்பணிக்கு வசூலிக்கும்போதே பத்தில் ஒரு பங்கை அன்றாடச் செலவுக்கென்று ஒதுக்கிவிட வேண்டும் என்று கமிட்டியில் சொன்னேன். அடுத்த வேலை ராஜகோபுரத்துக்கு வர்ணமாம்! அதற்கு மட்டும் எல்லோரும் கை தூக்குகிறார்கள்.

நீ முப்பது வருஷம் பேங்கில் இருந்தவன். முதலைத் தொடாமல், வட்டியில் ஒரு பகுதியை முதலோடு சேர்த்துக்கொண்டே போகிற மாதிரி போட வழி இருக்கிறதா? இருந்தால் விவரமாக எழுது. அடுத்த கூட்டம் ஆடி மாதம்.

அன்புடன்,
ராமு