39 அங்குலம்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்பான பிள்ளைக்கு,

நீ அனுப்பிய படமும் அளவும் கிடைத்தன. கட்டில் தலைமாட்டுக்குக் குஷன் பலகையை நீயே செய்யப்போகிறாய் என்று அம்மா வாசித்துச் சொன்னபோது நெஞ்சு நிறைந்துவிட்டது. ஏழு வயதில் என் பட்டறையில் செற்றித் துணியின் மூலையைச் சுருக்கமில்லாமல் மடித்துப் பிடித்த கை அல்லவா அது!

அகலம் 39 அங்குலம் என்று எழுதியிருக்கிறாய். சரியாக அளந்தாயா? நீங்கள் இருவரும் வாங்கிய கட்டில் 60 அங்குலம் என்று மருமகன் சொன்னதாக ஞாபகம்.

முக்கால் அங்குல பிளைவுட் வாங்கு. கடையிலேயே அளவுக்கு அறுத்துத் தருவார்கள். மெத்தைக்கு மேல் 24 அங்குலம் தெரிந்தால் சாய்ந்திருந்து வாசிக்கப் போதும். ஸ்பொஞ்ச் 2 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. கையால் அழுத்தும்போது பலகை தட்டுப்பட்டால் அது குஷன் இல்லை. பாண் வெட்டும் நீளக் கத்தியால் அறு, பிய்யாது. அதன் மேல் பஞ்சு விரிப்பு ஒன்று போடு, ஓரங்கள் உருண்டு வரும். 90களில் ஸ்பொஞ்சுக்கு வழியில்லாமல் தும்பையும் இலவம் பஞ்சையும் அடைத்துத் தைத்த எனக்கு, ஒரு தாள் ஸ்பொஞ்ச் என்பது இன்றைக்கும் பெரிய பொருள்தான்.

குஷன் துணி பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில் வரும். 39 அங்குலப் பலகைக்கு ஒன்றேகால் யார், அதாவது 45 அங்குலத் துணி போதும். 60 என்றால் துணியைக் குறுக்கே திருப்ப வேண்டும், இரண்டேகால் யார் பிடிக்கும். இரண்டு கணக்கையும் எழுதிவிட்டேன்.

துணிக்கு ஸ்டேப்ளர் பின் அடிக்கும்போது நடுவிலிருந்து தொடங்கு. மேலே நடுவில் ஒன்று, துணியை இழுத்துக் கீழே நடுவில் ஒன்று, பிறகு இரு பக்கமும். ஓரத்திலிருந்து தொடங்கினால் துணி கோணிவிடும். மூலைகள் கடைசியில்தான். அவசரப்படாதே, நடுவிலிருந்து தொடங்கு.

உங்கள் ஊர்ச் சுவர் உள்ளே வெறுமையானது. 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் மரத்தூணைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து, அதிலேயே திருகாணியை இறக்கு. வடக்குச் சுவர் வேண்டாம். வடக்கே தலை வைத்து நம் வீட்டில் யாரும் படுத்ததில்லை.

நல்லூர்க் கோயில் திருவிழாக் கொடி ஏறிவிட்டது. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் முடிந்துவிட்டது. அம்மாவின் முழங்கால் அப்படியே இருக்கிறது. மூன்று மாதமாக நீ முகத்தைக் காட்டாமல் குரலில் மட்டும் பேசுகிறாய். உன் அறையில் வெளிச்சம் போதாது என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் பேசுவதற்கா உன்னை இவ்வளவு படிப்பித்தோம்? மருமகன் வேலையில் நிற்கிறார் என்கிறாய். ஒவ்வொரு ஞாயிறும் வேலையா?

அதைக் கேட்க எனக்கு வாய் இல்லை, பிள்ளை. பந்தலுக்கு முற்பணம் கொடுத்த அன்று மாலை நீ பட்டறை வாசலில் வந்து நின்று, "கொஞ்சக் காலம் பொறுக்கலாமா அப்பா?" என்று கேட்டாய். என் வாய் நிறைய ஆணி. அதனால்தான் பதில் சொல்லவில்லை என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். துப்பிவிட்டுக் கேட்டிருக்கலாம். ஒரு கைப்பிடி ஆணிதானே. நீ ஏன் கேட்டாய் என்பது எனக்கு விளங்கியது. மண்டபத்தையும் சனத்தையும் கொடுத்த வாக்கையும் நினைத்து, விளங்காதவன் போல அடுத்த ஆணியை எடுத்து அடித்தேன். நீ கொஞ்ச நேரம் நின்றாய். பிறகு வாசலில் கிடந்த துணித் துண்டுகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுவிட்டு உள்ளே போனாய்.

பலகையை அறுக்கக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை அளந்து எழுது. 39 தான் என்றால் 39 என்று மட்டும் எழுது, வேறொன்றும் எழுத வேண்டாம். அம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

நடுவிலிருந்து தொடங்கு. வடக்குச் சுவர் வேண்டாம்.

அன்புள்ள
அப்பா