பெட்டியில் இருக்கும் பத்திரிகைகள்

ஆர்.கே.புரம், புது தில்லி

அன்புள்ள முத்து,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. டாக்டர் சொல்கிறவரை வண்டியை எடுக்காதே. இங்கே எல்லோரும் சௌக்கியம். பேத்திக்கு ஐந்து வயதாகிவிட்டது, ராத்திரி கதை சொல்லாமல் தூங்க மாட்டேன் என்கிறாள்.

அவளுக்காகத்தான் போன வாரம் பகதூர் ஷா ஜஃபர் மார்க்கில் இருக்கும் நேரு ஹவுஸுக்குப் போனேன். கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1957-இல் ஆரம்பித்த சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் அங்கேதான் இருக்கிறது. பொம்மை மியூசியமும் அதே கட்டடம். 'மகாகிரி' வாங்கி வந்தேன். கொடிக்கம்பத்தைக் குழியில் இறக்கச் சொன்னால் யானை மாட்டேன் என்கிறது. பாகன் அடித்தும் அசையவில்லை. அப்புறம் பார்த்தால் குழிக்குள் ஒரு பூனைக்குட்டி! புலக் பிஸ்வாஸ் வரைந்த அந்த யானையின் தும்பிக்கையை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள் பேத்தி. முடிந்ததும், "இன்னொரு தடவை" என்றாள்.

நேஷனல் புக் டிரஸ்டும் அதே 1957-இல் வந்ததுதான். அதன் நேரு பால புஸ்தகாலய வரிசையில் ஒரே படத்தை வைத்துப் பல மொழிகளில் புத்தகம் போட்டார்கள். இதில் பெரிய சௌகரியம் உண்டு. வண்ணப் படம் அச்சடிப்பதுதான் செலவு பிடிக்கிற வேலை. எழுத்து கறுப்பில் மட்டும் இருந்தால், மொழி மாறும்போது கறுப்பு நிறத்துக்கான அச்சுத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும், மற்ற நிறங்களின் தகடுகள் அப்படியே இருக்கலாம். ஓவியருக்கான செலவும் எல்லா மொழிக்கும் பகிர்ந்துபோகும். வாங்குகிறவர்கள் குறைவாக உள்ள மொழிக் குழந்தைக்கும் நல்ல படப் புத்தகம் மலிவாகக் கிடைக்க இது ஒரு வழி.

இதையெல்லாம் யோசிக்கும்போது நம் ஊர் ஞாபகம் வராமல் இருக்குமா? 1940-களிலும் 50-களிலும் புதுக்கோட்டையிலிருந்து எத்தனை குழந்தைப் பத்திரிகைகள் வந்தன! பக்கத்து ராயவரத்தில் பிறந்த அழ. வள்ளியப்பா, பேங்க் வேலையும் பார்த்துக்கொண்டு, 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தையே தொடங்கினார். சங்கரும் அவரும் காலமானது ஒரே வருஷம், 1989. சங்கர் ஒரு டிரஸ்டை விட்டுப்போனதால் அவருடைய புத்தகங்கள் மறுபடி மறுபடி அச்சாகின்றன. வள்ளியப்பாவின் பாட்டுகள் பள்ளிக்கூடப் புத்தகங்களில் ஏறிப் பிழைத்துக்கொண்டன. அந்தச் சின்னப் பத்திரிகைகளுக்குத்தான் நாதியில்லை. தனி ஆளாக, கைக்காசு போட்டு நடத்தியவர்கள் ஓய்ந்ததும் பத்திரிகையும் நின்றது. குழந்தைப் புத்தகத்தை யாரும் பத்திரப்படுத்துவதும் இல்லை. படித்த குழந்தையே கிழித்துவிடும், மிச்சம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். மறுபதிப்புப் போட ஒருவர் முன்வந்தாலும் மூலப் பிரதி வேண்டுமே.

அதனால்தான் கேட்கிறேன். உங்கள் சித்தப்பா அந்தப் பத்திரிகைகளைப் போட்டு வைத்த தகரப் பெட்டி இன்னும் பரணில்தானே இருக்கிறது? மழை தொடங்கும் முன் யாரையாவது ஏறச் சொல்லி இறக்கு, நீ ஏறாதே. தாள் மொறமொறத்துப் போயிருக்கும், பிரித்துப் பார்க்க வேண்டாம், கட்டோடு அப்படியே ஞானாலயாவில் கொடுத்துவிடு. உள்ளூரிலேயே அப்படி ஒரு நூலகம் இருப்பது நம் பாக்கியம். எந்தப் பத்திரிகை, எந்த வருஷம் என்று மட்டும் எனக்கு எழுது. தை மாதம் வரும்போது பேத்தியையும் கூட்டி வருகிறேன்.

அன்புடன்,
சுந்தரம்