எலிக்கு எத்தனை மில்லிகிராம்?

ஆசிரியருக்கு,

சிறுகுறிஞ்சான் மூலிகை எலிகளுக்கு ரத்தச் சர்க்கரையைக் குறைத்ததாகச் செய்திகள் வருகின்றன. எலிக்குச் சர்க்கரை நோயை எப்படி வரவழைத்தார்கள் என்பதையும் எழுத வேண்டும்.

பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற வேதிப்பொருளின் ஊசிதான். உடல் எடையில் கிலோவுக்கு 50, 60 மில்லிகிராம். அது கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களை அழிக்கிறது. பிஎச் 4.5 உள்ள, அதாவது அமிலத்தன்மை கொண்ட, குளிர்ந்த சிட்ரேட் கரைசலில் கலந்து சில நிமிடங்களுக்குள் போட வேண்டும். தாமதித்தால் மருந்து சிதைந்து, பல எலிகளுக்கு நோயே வராது. செல்கள் சாகும்போது இன்சுலின் மொத்தமாகக் கசியும். முதல் இரவு குளுக்கோஸ் தண்ணீர் வைக்காவிட்டால் சர்க்கரை தாழ்ந்து எலிகள் இறக்கும். மூன்றாம் நாள் ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 250 மில்லிகிராமுக்கு மேல் காட்டுபவற்றையே ஆய்வில் சேர்ப்பது வழக்கம். ஊசி அளவு குறைந்தால் சில எலிகள் தாமாகவே தேறிவிடும். ஊசி போட்டு மூலிகை தராத கூட்டம் ஒன்று இல்லையென்றால், அந்தத் தேறுதலும் இலையின் கணக்கில் ஏறிவிடும்! இத்தனைக்கும் நம் சர்க்கரை நோயாளிகளில் பெரும்பாலோருக்கு உள்ளது இரண்டாம் வகை நோய், அதாவது இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரியாக இணங்காத நிலை; பீட்டா செல் அழிந்த எலி அதற்குச் சரியான மாதிரி அல்ல.

அளவு இன்னும் முக்கியம். எலிக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் சாறு தந்தால், உடல் எடைக்கு ஏற்ற உடல் பரப்பு வேறுபடுவதால், அதை 6.2ஆல் வகுத்தே மனிதருக்குக் கணக்கிட வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 3.9 கிராம் உலர்சாறு. நூறு கிராம் காய்ந்த இலையில் பத்து கிராம் உலர்சாறு கிடைப்பதாக வைத்தால், அது 39 கிராம் காய்ந்த இலை. ஒரு தேக்கரண்டிப் பொடி அல்ல.

செய்தியை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே எந்த விலங்கு, எவ்வளவு அளவு, எத்தனை நாள், ஒப்பீட்டுக் கூட்டம் உண்டா என்பதை ஒவ்வொரு செய்தியிலும் வெளியிடுங்கள்.

மருந்தியல் ஆசிரியர்கள்,
மதுரை