சர்க்கரை உனக்கு, மரத்த பாதம் எனக்கு

பாப்பா,

புது டாக்டரிடம் பதிவு செய்யும்போது, எந்த வயதிலிருந்து நீயே ஊசி போட்டுக்கொள்கிறாய் என்று கேட்டார்களாமே. "பத்து வயசுலேர்ந்து, அப்பாவுக்குக் கேன்சர் வந்ததால" என்றாயாம். அதோடு விட்டிருந்தால் சரி. "அந்த நேரத்துல நான் வேற அவருக்கு ஒரு சுமை" என்றும் சொன்னாயாம். அம்மா சொன்னாள். ஃபோனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

சுமைதான். இல்லை என்று நான் சொன்னால் நீ நம்பப் போவதில்லை. ஆனால் சுமை நீ இல்லை, உன் டைப் 1 சர்க்கரை நோய். உன் கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களை உன் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தின்றுவிட்டது. அதற்கு நீயும் பொறுப்பில்லை, நாங்களும் பொறுப்பில்லை.

அம்மாவின் வேலையில்தான் வீடும் மருத்துவக் காப்பீடும் ஓடின. அதனால் உன் ராத்திரிகள் என் கணக்கு. பெருங்குடலில் கட்டி என்று தெரிந்ததும் நான் முதலில் யோசித்தது சாவைப் பற்றி இல்லை; ராத்திரி மூணு மணிக்கு எழுந்து உன் விரலில் யார் குத்திப் பார்ப்பது என்றுதான். அந்தக் கவலை தானாகவே தீர்ந்தது. வாந்தி வராமலிருக்க கீமோவுக்கு முன்னால் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு போடுவார்கள். அது தூக்கத்தைத் துரத்திவிடும். எப்படியும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டுதான் படுத்திருப்பேன், மூணு மணிக்கு எழுவதில் என்ன கஷ்டம்?

அதே ஸ்டீராய்டு சர்க்கரையையும் ஏற்றும். ஒரு சாயங்காலம் உன் மீட்டரில் என் விரலையும் குத்திப் பார்த்தாய். 243. "தண்ணி நிறையக் குடிங்க, நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்லணும்" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாய். அன்றைக்கு என் இடுப்பில் மருந்து பாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஆஸ்பத்திரியிலேயே டிரிப்பில் ஏற்றிவிடுவார்கள். அடுத்த மருந்து 46 மணி நேரம், நெஞ்சில் தோலுக்கு அடியில் வைத்த போர்ட் என்ற சின்ன மருந்து வாசல் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும். அதோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ஆறு மாதம்.

இனி நீயே ஊசி போட்டுக்கொண்ட கதை. நான் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து உன்னைப் பழக்கினேன் என்றுதான் நீ இத்தனை வருஷமாக நினைத்திருக்கிறாய் போல. நிஜக் காரணம் ரொம்பச் சாதாரணம். ஆக்சாலிபிளாட்டின் ஏறின பிறகு பல நாட்களுக்குச் சில்லென்ற எதைத் தொட்டாலும் விரலில் ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கும். உன் இன்சுலின் பேனாக்கள் இருந்த இடமோ ஃப்ரிட்ஜ். கையுறை போட்டுக்கொண்டு எடுக்கச் சொன்னார் நர்ஸ். என் கையுறையைப் பார்த்து நீ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "நானே எடுக்கிறேன்" என்றாய். தவணைகள் ஏற ஏற, குளிர் இல்லாமலேயே விரல் நுனிகளும் பாதங்களும் மரத்துப்போயின. டெஸ்ட் ஸ்டிரிப் கையில் நிற்காமல் நழுவும். பேனாவைத் திருகினால் 'டிக் டிக்' காதில் கேட்கும், விரலுக்குத் தெரியாது. ஒரு யூனிட் கூடினாலும் உனக்குச் சர்க்கரை இறங்கிவிடலாம். அந்த விரலை நம்பி எப்படி உனக்கு ஊசி போடுவது? நீ டோஸ் வைத்து என்னிடம் காட்டுவாய், நான் எண்ணைப் பார்த்துச் சரி என்பேன், நீ போட்டுக்கொள்வாய். அவ்வளவுதான் நடந்தது.

வந்தவர்களெல்லாம் உன்னைக் 'குட்டி நர்ஸ்' என்று கொஞ்சினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. உன் நோயை நீ கற்றுக்கொள்வது வேறு, என் நோயை நீ காவல் காப்பது வேறு. தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தாயே, அப்போதுதான் தெர்மாமீட்டரை எடுத்து அம்மாவின் பையில் வைத்தேன். நூறைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பது பெரியவர்கள் கவலை. நீ கோபித்துக்கொண்டாய். பரவாயில்லை, இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன்.

மறக்க முடியாத ராத்திரி உனக்குக் காய்ச்சல் வந்ததுதான். எனக்கு வெள்ளை அணுக்கள் குறைந்திருந்த வாரம், உன் பக்கம் வரவே கூடாது. நீ வாந்தி எடுக்கிறாய், சாப்பாடு இல்லை. சாப்பிடாத பிள்ளைக்கு எதற்கு இன்சுலின் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் காய்ச்சலில் நீண்ட நேர இன்சுலினை நிறுத்தவே கூடாது, நிறுத்தினால் கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் ஏறிவிடும்; சிறுநீரில் ஒரு ஸ்டிரிப்பை நனைத்தால் அதன் நிறத்தில் தெரியும். அதெல்லாம் எனக்குத்தான் அத்துப்படி, அம்மாவுக்கு அவ்வளவாகத் தெரியாது. மூடின கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள் இருவரும். "ஸ்டிரிப் என்ன கலர்?" "ஊதா." "வெளிர் ஊதாவா, அடர்ந்த ஊதாவா?" அம்மா பதில் சொல்லத் திணற, நீ படுத்துக்கொண்டே, "கத்திரிப்பூ கலர்ப்பா, நடுத்தரம்" என்றாய். உன் டாக்டரை எழுப்பி, அவர் சொன்ன டோஸை நான் கதவு வழியாகச் சொன்னேன். விடிகிறபோது ஸ்டிரிப்பில் நிறம் வெளுத்திருந்தது. அன்றைக்கு எனக்குக் கேன்சர் ஞாபகமே வரவில்லை என்பது நிஜம்.

சிகிச்சை முடிந்தும் மரத்த பாதம் முழுசாகச் சரியாகவில்லை. சர்க்கரை உனக்கு, மரத்த பாதம் எனக்கு. தினமும் ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்க்கச் சொல்லி உன் கிளினிக்கில் கொடுத்த தாளை எனக்குப் படித்துக் காட்டினாயே, அதன்படி இன்னமும் பார்க்கிறேன். போன மாதம் ஒரு கொப்புளத்தை அப்படித்தான் கண்டுபிடித்தேன். ஆறிவிட்டது, பதறாதே.

இன்னொன்று, இதற்காகவும்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்குக் கட்டி கண்டுபிடித்தபோது வயது 44. பெற்றவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் இருந்தால் பிள்ளைக்கு 40 வயதில், அல்லது பெற்றவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்னால், எது முதலில் வருகிறதோ அப்போது கொலோனோஸ்கோபியை, அதாவது குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனையை, ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். உன் கணக்கில் 34. பரம்பரையாகக் குடல் புற்றுநோயைக் கொண்டுவரும் லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற மரபணுக் கோளாறுக்கும் என் கட்டியைச் சோதித்தார்கள். அதற்கான அடையாளம் எதுவும் இல்லை, இருந்திருந்தால் இருபதுகளிலேயே உன்னை அனுப்ப வேண்டியிருந்திருக்கும். சோதனைக்கு முன்னால் பட்டினி கிடந்து குடலைச் சுத்தம் செய்ய வேண்டும், அந்த ஒரு நாள் இன்சுலினை எப்படி மாற்றுவது என்பதை அப்போது உன் சர்க்கரை டாக்டரிடமே கேட்டுக்கொள்.

இன்னும் வருஷங்கள் இருக்கின்றன. ஆனாலும் அடுத்த தடவை போகும்போது என் வயதையும் நோயின் பேரையும் ஃபைலில் எழுதச் சொல். 'சுமை' என்று ஏதாவது எழுதியிருந்தால் அடிக்கச் சொல். முடித்ததும் ஒரு மெசேஜ் போடு, ராத்திரி எத்தனை மணியானாலும் சரி.

அப்பா