உன் மகளின் பந்தி

திருகோணமலை
ஞாயிறு மாலை

அன்பு மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் மேசை நிறையக் கிடந்தன, கோபிக்காதே. இங்கே மாரி தொடங்கிவிட்டது. கோணேசர் கோயிலடியில் கடல் இரைகிறது, உள்துறைமுகப் பக்கம் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி எல்லோரும் சுகம்.

மகள் உயர்தரத்துக்குத் தமிழ் எடுத்தது எனக்குப் பெரிய சந்தோஷம். முன்னுரையும் முடிவுரையும் வருகிறது, நடுப்பந்திகளில்தான் தடுமாறுகிறாள் என்று எழுதியிருந்தாய். அவளுடைய கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். நல்ல மொழி. ஆனால் "நிலத்தினும் பெரிதே, வானினும் உயர்ந்தன்று, நீரினும் ஆரளவின்றே" என்று தலைவி தலைவனோடு கொண்ட நட்பைச் சொல்லும் குறுந்தொகை மூன்றாம் பாட்டைப் பற்றிய பந்தி முழுக்கப் பொழிப்பு. பாட்டை உரைநடையில் திருப்பிச் சொல்லிவிட்டு, "புலவர் அழகாகக் கூறுகிறார்" என்று முடித்துவிடுகிறாள். எது அழகு, அது எந்தச் சொல்லால் வந்தது என்பதை அல்லவா பந்தி சொல்ல வேண்டும்?

"இப்பாடலில் ஒப்புமைகள் உள்ளன" என்று தொடங்கியிருக்கிறாள். அதை யாரும் மறுக்கமாட்டார்கள், அதனால் மேற்கொண்டு எழுதவும் ஒன்றும் இருக்காது. "தன் நட்பை அளக்க நிலமும் வானும் கடலும் போதாமல், தலைவி மலைச்சாரலில் சேரும் தேனைக் காட்டுகிறாள்" என்று தொடங்கிப் பார்க்கச் சொல். அப்படியா என்று வாசிப்பவர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் மிச்சப் பந்தி.

பாட்டு நாலடிதான், நாலையும் எடுத்து எழுதியிருக்கிறாள். தேவையான சொற்களை மட்டும் எடுத்தால் போதும். எடுத்த சொல்லுக்குப் பக்கத்தில் அவள் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், மச்சான். "பெருந்தேன் இழைக்கும்" என்பதைப் பார். இழைப்பது ஒரே நாளில் நடக்கிற வேலையில்லை, பூப்பூவாகப் போய்ச் சிறுகச் சிறுகச் சேர்ப்பது. சேர்க்கும் தேனீ பாட்டில் பெயராகக்கூட வரவில்லை. பெரிது, உயர்ந்தது, அளக்க முடியாதது என்று தலைவி அடுக்கிக்கொண்டே போகிறாள். எது என்று தெரிய "நட்பே" என்ற கடைசிச் சொல் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. இதில் ஒன்றை அவள் சொந்த வார்த்தையில் மூன்று வரி எழுதினாலே அது அவளுடைய பந்தி ஆகிவிடும். மேற்கோள் ஒரு வரியென்றால் விளக்கம் மூன்று வரியாவது வேண்டும் என்று என் பிள்ளைகளிடம் சொல்வேன்.

இன்னொன்று. "உயர்ந்தன்று" என்பதை உயரவில்லை என்று எழுதிவிட்டாள். உயர்ந்தது என்பதுதான் பொருள். என் வகுப்பிலும் பாதிப்பேர் இதில் வழுக்குகிறார்கள், திட்டாதே.

குறிஞ்சித் திணை பற்றி எழுதியதெல்லாம் சரி, ஆனால் அது தனிப் பந்தி. தேனில் முடிந்த பந்திக்கு அடுத்தது அந்தத் தேன் வந்த குறிஞ்சிப் பூவில் தொடங்கட்டும், இரண்டும் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

முழுக் கட்டுரையும் வேண்டாம், அந்த ஒரு பந்தியைத் திருப்பி எழுதி அனுப்பச் சொல். விடுமுறைக்கு எல்லோரும் மட்டக்களப்பிலிருந்து இங்கே வாருங்கள். கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலை விளிம்பில் நின்று கீழே கடலைப் பார்த்தபடி, நிலத்துக்கும் வானுக்கும் பிறகு ஏன் நீர் வருகிறது என்று அவளிடம் கேட்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்