மணிக்கட்டைப் பிடித்திருப்பவள்

அன்புள்ள தோழிக்கு,

நான்கு மாதங்களாக ஒரு வரி கூட எழுதாத என்னை நீ எந்தப் பெயரைச் சொல்லித் திட்டியிருப்பாய் என்பது தெரியும். எட்டாம் வகுப்பில் வைத்த அந்தப் பெயர் இன்றும் எனக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. இங்கே அனைவரும் நலம். அவருக்கு முதுகுவலி குறைந்திருக்கிறது, முன்கோபம் குறையவில்லை.

வெளிநாட்டிலிருந்து ஒரு கைக்குழந்தையைத் தத்தெடுக்க விண்ணப்பித்து மூன்று ஆண்டுகளாகக் காத்திருக்கிறோம் அல்லவா? சென்ற மாதம் சமூகப் பணியாளர் எங்கள் முன் வேறொரு கோப்பை எடுத்து வைத்தார். ஒன்பது வயதுப் பெண், ஆறு வயதுத் தம்பி, இருவரையும் பிரிக்கக் கூடாது என்ற குறிப்பு. கைக்குழந்தைக்காகப் பெற்றோர்கள் காத்திருக்கிறார்கள், வளர்ந்த பிள்ளைகளோ பெற்றோருக்காகக் காத்திருக்கிறார்கள் என்றார். உடலில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும், வயது கூடியிருப்பதையும் உடன்பிறந்தவர் இருப்பதையும் பல நாடுகளில் ‘சிறப்புத் தேவை’ என்றே வகைப்படுத்துகிறார்களாம். தம்பி இருப்பது ஒரு குறையா என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லாமல் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அந்தப் பக்கத்தில்தான் புகைப்படம் இருந்தது. அவள் தம்பியின் கையைக் கோத்திருக்கவில்லை. மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தாள், கூட்டத்தில் தொலைந்துவிடாமல் பிள்ளையை இழுத்துச் செல்லும் தாயைப் போல. கூடவே ஒரு நிமிடம்கூட ஓடாத காணொளி ஒன்றும் உண்டு. அதில் யாரோ சிறுவனிடம் பெயரைக் கேட்கிறார்கள். அவன் வாய் திறப்பதற்குள் அவள் சொல்லிவிடுகிறாள். இதை எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதே, வீட்டுக்காரர் ஏற்கெனவே கேட்டுச் சலித்துவிட்டார்.

ஆட்சேபங்களுக்குக் குறைவில்லை. வீட்டில் இருக்கும் பிள்ளையைவிட மூத்த பிள்ளையைக் கொண்டுவந்து வரிசையைக் குலைக்க வேண்டாம் என்று அனுபவப்பட்டவர்கள் பலர் எச்சரிக்கிறார்கள். நம்மவனுக்கு ஏழு வயது. ஒரே நாளில் மூத்தவன் என்ற பட்டம் பறிபோய் நடுப்பிள்ளை ஆகிவிடுவான். அவனுடைய ஒரே கேள்வி, காரில் ஜன்னலோர இடம் யாருக்கு என்பதுதான். முதல் சில வாரங்கள் விருந்தாளிகளைப் போல அடக்கமாக இருப்பார்கள், அதன் பிறகுதான் அழுகையும் ஆத்திரமும் வெளியே வரும், அப்படி வந்தால் நம்பத் தொடங்கிவிட்டார்கள் என்றுகூட வைத்துக்கொள்ளலாம் என்று சமூகப் பணியாளர் சொன்னார். இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம் என்றே நினைக்கிறேன். உன் அண்ணனையே நான்கு ஆண்டுகள் டியூஷனில் தாங்கியவள் நான்.

என் தூக்கத்தைக் கெடுப்பது வேறு. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான 1993ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை, குழந்தையின் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப விளக்கிச் சொல்லி அதன் விருப்பத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது. நல்ல விதிதான். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளை ‘சரி’ என்று சொல்லும்போது எதற்குச் சரி சொல்கிறாள்? மூன்று முதல் எட்டு வயதுக்குள் பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்தாகப் போன கொரியர்களைப் பற்றி 2003இல் ஓர் ஆய்வு வெளியானது. வளர்ந்தபின் கொரிய மொழி வாக்கியங்களைக் கேட்டபோது, மற்ற அந்நிய மொழிகளிலிருந்து அவற்றை அவர்களால் பிரித்தறிய முடியவில்லை. அந்தத் தம்பிக்கு இப்போது ஆறு வயது. அக்காவுக்குக் கொஞ்சமாவது நினைவிருந்து அவனுக்கு முற்றிலும் மறந்துபோனால், அவன் சார்பில் இன்று பேசுகிறவள் நாளை அந்த மொழியில் யாரோடு பேசுவாள்? ‘தம்பியை என்னோடு வைத்திருப்பார்கள் என்றால் எங்கும் வருகிறேன்’ என்பதுதான் அவளுடைய சம்மதமாக இருக்குமோ என்று அஞ்சுகிறேன். அவளை அந்தக் காவலிலிருந்து விடுவித்து வெறும் பிள்ளையாக இருக்க விட ஆசைப்படுகிறேன். அதே காவலைப் பறித்துவிட்டால் அவளிடம் என்ன மிஞ்சும் என்றும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான், முப்பது ஆண்டுகளாக நான் கேட்காததை இப்போது கேட்கிறேன். பத்து வயதில் ஒரு பெட்டியோடு பெரியம்மா வீட்டுக்கு வந்தவள் நீ. அன்று மாலையே உன்னைப் பல்லாங்குழி ஆட இழுத்துச் சென்றேனே தவிர, நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் இரவு உனக்கு எப்படி இருந்தது? பெரியம்மா என்ன செய்தார், என்ன செய்யாமல் இருந்திருக்கலாம்? அவரை ‘அம்மா’ என்று கூப்பிடச் சொன்னார்களா, நீயாகக் கூப்பிட்டாயா? என்னைச் சமாதானப்படுத்துவதற்காக எதையும் மாற்றி எழுதாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் பழைய பெஞ்சுத் தோழி