பச்சை விளக்கு

அன்புள்ள முத்து,

நான்கு மாதமாகப் பதில் போடவில்லை, திட்டிக்கொள். அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்ததாகச் செல்வி சொன்னாள். சந்தோஷம்.

எங்கள் இணையப் பக்கங்களை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த முடியுமா என்று பார்க்க, அலுவலகத்துக்கென்று நானே ஒரு சோதனைக் கருவி எழுதுகிறேன் என்று பீற்றிக்கொண்டேனே, ஞாபகம் இருக்கிறதா? இணையச் சேவைகள் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டுவது அரசியல் சட்டம் 21ஆம் பிரிவின் உரிமை என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் எங்கள் மேலிடத்துக்கு ஞானோதயம். வெளியில் இலவசமாகக் கிடைக்கும் கருவிகள், பக்கம் எந்த மொழி என்று நிரலில் சொல்லும் மொழிக்குறி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். குறி ஆங்கிலம், எழுத்து தமிழ் என்றால் கண்டுகொள்ளாது, திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்குச் சத்தமாகப் படிக்கும் திரைவாசிப்பான் உளறும். அதைப் பிடிக்கத்தான் நான் எழுதினேன். எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாட்டு விகிதம் குறைந்தது 4.5க்கு 1 இல்லை என்றாலும் நிரலை உள்ளே விடாது. நம் விடுதி வாட்ச்மேன் தாத்தா மாதிரி. அவரையே ஏமாற்றியவர்கள் நாம் என்பதை மறந்துவிட்டேன்!

படங்களுக்கு வாசிப்பான் படிக்க விவரம் இல்லாவிட்டால் கருவி சிவப்பு காட்டும். எங்கள் அலுவலகப் பையன்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? எல்லாப் படத்துக்கும் "படம்" என்றே எழுதிவிட்டார்கள். எல்லாம் பச்சை. நானும் ட்ரீட் கொடுத்தேன்.

போன வாரம் பார்வையற்ற தம்பி ஒருவர் சோதனைக் குழுவில் சேர்ந்தார். என்விடிஏ என்ற திரைவாசிப்பானை அவர் ஓட்டும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவரே கொஞ்சம் வேகத்தைக் குறைத்தார். "படம், படம், படம்." சிரித்தார். அப்புறம் பணம் கட்டும் பக்கம். ஓடிபி தட்டிப் பொத்தானை அழுத்தினார். சத்தமே இல்லை. மறுபடி அழுத்தினார். திரையில் "தவறான எண்" என்று சிவப்பாக நிற்கிறது, அவருக்கு யார் சொல்வது? "சார், போயிடுச்சா?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, முத்து.

என் கருவி அசையாமல் நிற்கும் பக்கத்தை மட்டுமே பார்க்கிறது. அழுத்திய பிறகு முளைக்கும் அறிவிப்பை வாசிப்பானுக்குச் சொல்ல நிரலில் ஒரு வரி போதும். அதை யாரும் எழுதவில்லை, நானும் தேடவில்லை.

"நூற்றுக்கு நூறு" என்று கருவி காட்டும் மதிப்பெண்ணை அறிக்கையில் போட மேலதிகாரி துடிக்கிறார். திங்கட்கிழமை மதிப்பெண் காட்டும் பகுதியையே கருவியிலிருந்து எடுத்துவிடப் போகிறேன். அந்தத் தம்பி பணம் கட்டி முடிக்காமல் எதுவும் வெளியே போகாது. மேலதிகாரி கத்துவார், கத்தட்டும். வேலை போனால் உன் கடையில் கல்லாவில் உட்கார வைப்பாய்தானே? மெஸ் கணக்கை மட்டும் கிளறாதே.

உன்,
ரவி